இரவல் வாங்கிய காற்று

பிள்ளைகளே, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும், ஆறின பிறகு எழுதலாம் என்று பல வருடம் தள்ளிப் போட்டேன். ஆறவில்லை. கோபத்தில் எழுதியதை ஒரு நாளாவது வைத்திருந்து திரும்ப வாசித்துவிட்டுத்தான் மற்றவர் கையில் கொடுக்க வேண்டும் என்று உங்கள் அம்மா சொல்வா. நான் வைத்திருந்தது போதும்.

எனக்குப் பெரிய படிப்பில்லை. ஓ.எல். சோதனையோடு நின்றவன். ஆகையால் சுற்றி வளைக்காமல் நடந்ததை நடந்த மாதிரியே சொல்கிறேன். எங்கேயாவது பிழை இருந்தால் நீங்கள் திருத்தி வாசியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், ரொறொன்ரோ நகர நடுவிலிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுணை விட்டு நாங்கள் ஸ்காபரோவுக்கு வந்த புதிதில், எனக்கு ஓர் அலுவலக வேலை கிடைத்தது. அதுவரை பெட்டி அடுக்குகிற வேலைதான். அலுவலகம் என்றவுடன் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பிளாசாவின் மேல்மாடி. கீழே டோனட் கடை, பக்கத்தில் பல் வைத்தியர். மேலே ஒரே ஒரு அறை. உள்ளே சில கொம்பியூட்டர், இரண்டு ஃபாக்ஸ் மெஷின், சுவர் முழுக்க மலைகளின் படம். அந்த மலைகளுக்கும் எங்களுக்கும் நடுவில் அரைவாசிக்கு மேல் கனடா கிடந்தது. நான் அவற்றை இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை.

அங்கே நாங்கள் செய்தது இதுதான். மேற்கே அந்த மலைகளில் ஆங்காங்கே இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் குளிரை, காற்றை, பனியின் உயரத்தை அளக்கிற கருவிகள். சூரிய வெளிச்சத்தில் நிரம்பும் பற்றரி ஒன்று. கொம்பியூட்டர் தொலைபேசி மூலம் கம்பத்தைக் கூப்பிடும். அது ஒரு கீச்சுச் சத்தம் போடும், கம்பமும் திருப்பிக் கீச்சிடும், பிறகு எண்கள் வரிசை வரிசையாகத் திரையில் விழும். அந்த எண்களை நாங்கள் ஏறி இறங்கும் கோடாக வரைபு கீறி, அச்சடித்து, ஃபாக்ஸில் அனுப்புவோம்.

யாருக்கு என்று கேட்பீர்கள். பனிமலையில் சறுக்கப் போகிறவர்களுக்கு. நீங்கள் பள்ளிக்கூடத்தோடு போய்ச் சறுக்கினீர்களே, அது குன்று. அங்கே மேலே கொண்டுபோக இழுவைக் கம்பி இருக்கும், விழுந்தால் தூக்க ஆள் இருக்கும். இவர்கள் போவது அப்படி ஓர் இடத்துக்கு அல்ல. மனிதர் இல்லாத மலைக்கு ஸ்கீயைக் காலில் கட்டிக்கொண்டு நடந்தே ஏறி, மேலேயிருந்து சறுக்கி வருவார்கள். தங்குவதற்குக் காட்டுக்குள் மரவீடுகள் இருக்கின்றன. அங்கே கூட்டிக்கொண்டு போக வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களைக் கொல்வது குளிர் அல்ல, பனிச்சரிவு. ஒரு சரிவில் பனி நிற்குமா, விழுமா என்று காலையில் முடிவெடுக்க அவர்களுக்கு எங்களுடைய வரைபு வேண்டும். இரவு காற்று எங்கிருந்து, எவ்வளவு அடித்தது என்பதுதான் அவர்கள் முதலில் பார்ப்பது.

இதற்கு ஏன் ரொறொன்ரோ என்று நானும் முதல் நாள் கேட்டேன். முதலாளி சிரித்தார். எங்களுக்கு விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அங்கே விடியும். அவர்கள் கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும்போது வரைபு மேசையில் இருக்கும் என்றார். அதைவிட, அங்கே சறுக்கப் போகிறவர்களில் நிறையப் பேர் இங்கே நகர நடுவில், டவுண்ரவுணில், பெரிய உத்தியோகம் பார்ப்பவர்கள். குளிர்காலத்தில் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு பறந்து போவார்கள். போவதற்கு முதலே ஒவ்வொரு நாளும் வரைபைப் பார்த்து ஆசைப்படுவார்கள். அவர்களும் எங்களுடைய வாடிக்கையாளர்கள்.

முதலாளி நல்ல மனிதர் என்றுதான் அப்போது நினைத்தேன். வெள்ளைக்காரர், என்ஜினியர், சத்தம் போடாதவர். என்னைச் சேர்த்துவிட்டவர் அங்கே முதலிலேயே வேலை செய்துகொண்டிருந்த எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணை ஒருவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்காக இருந்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பென்சிலைக்கூட மேசை விளிம்புக்கு நேராக வைப்பார். எனக்கு வேலை பழக்கினவரும் அவர்தான். பகிடிக்காரர். ஒரு கம்பம் கூப்பிட்டுப் பதில் சொல்லாவிட்டால், "இண்டைக்கு மலைக்குக் காய்ச்சலாம், லீவு கேக்குது" என்பார்.

கம்பங்கள் அடிக்கடி பதில் சொல்லாமல் விடும். கருவியில் பனி உறைந்துவிடும், பற்றரி இறங்கிவிடும், காற்றில் கம்பமே சாய்ந்துவிடும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த உச்சியில் ஏறிப்போய்த் துடைக்க ஆளா வைத்திருக்கிறார்கள்? குற்றம் பிறகு நடந்ததில் இருந்தது.

நான் சேர்ந்து சில கிழமைக்குள் ஒரு காலை பார்த்தேன். ஓர் உச்சிக் கம்பம் இரவு முழுக்கப் பேசவில்லை. ஆனால் அண்ணை அச்சடித்த வரைபில் அந்த உச்சியின் காற்று அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"பக்கத்துப் பள்ளத்தாக்குக் கம்பத்திலை இருந்து இரவல் வாங்கினனான்" என்றார் அண்ணை. "அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் இது. உச்சிதானே, கொஞ்சம் கூட அடிக்கும்."

"அண்ணை, அது வேறை இடமெல்லே?"

"வானம் ஒண்டுதானே தம்பி."

நான் சிரித்துவிட்டேன். பகிடி என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது அந்த அலுவலகத்தின் வழக்கம் என்று. முன்பு வெற்றிடம் விட்டுத்தான் அனுப்பினார்களாம். டவுண்ரவுண் வாடிக்கையாளர்கள் கூப்பிட்டு, வரைபு உடைந்துபோய் வருகிறது, இதற்கா நாங்கள் பணம் கட்டுகிறோம் என்று சத்தம் போட்டார்களாம். முதலாளி அண்ணையிடம் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். அண்ணை செய்தார். முதலாளி அதற்கு ஓர் அழகான ஆங்கிலச் சொல் வைத்திருந்தார். அண்ணை வைத்திருந்த சொல் இரவல்.

அண்ணை ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு விளங்காமல் இல்லை. அதை நீங்களும் விளங்க வேண்டும். இந்த நாட்டில் வந்து இறங்கியபோது, அகதிப் படிவம் நிரப்பித் தந்தவர்கள் எங்கள் எல்லோருக்கும் சொன்ன முதற் புத்தி ஒன்றுதான். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதே. வெறுமையைக் கண்டால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குச் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவான். பிறந்த திகதி தெரியாதவர்கள் எல்லோரும் ஜனவரி முதலாம் திகதி பிறந்தார்கள். எந்த மாதம் இடம்பெயர்ந்தோம் என்று மறந்தவர்கள் ஏதோ ஒரு மாதத்தைப் போட்டார்கள். அந்தப் பயம் எங்கள் விரலுக்குள் இறங்கிவிட்டது. அண்ணைக்குக் கச்சேரிப் பழக்கமும் சேர்ந்திருந்தது. வெற்றுக் கட்டத்தைக் கண்டால் அவருடைய பென்சில் தானாக அங்கே போகும்.

மனிதருக்கு அது சரி. உயிர் தப்ப வந்தவன் கட்டத்தை நிரப்பினான், அதை நான் ஒருநாளும் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலைக்கு ஏன்? மலையை யார் திருப்பி அனுப்பப் போகிறார்கள்?

எனக்குக் கோபம் வந்தது ஒரு வழிகாட்டிப் பெண்ணால். மேற்கே ஒரு மரவீட்டை நடத்துகிறவர். ஹெலிகொப்டரில்தான் அங்கே சாமான் போகும். அவரிடம் இருந்தது ரேடியோத் தொலைபேசி. ஒருவர் பேசி முடித்து விரலை எடுத்தால்தான் மற்றவர் பேசலாம். ஃபாக்ஸ் தெளிவில்லாமல் வந்தால் என்னைக் கூப்பிட்டு எண்களை வாசிக்கச் சொல்வார். என் ஆங்கிலம் அவருக்கு விளங்காத இடத்தில் பொறுமையாகத் திரும்பக் கேட்பார். அவருடைய சிரிப்புச் சத்தம் வரும்போது ரேடியோ இரைகிறதா, அவர் சிரிக்கிறாரா என்று எனக்குக் குழம்பும்.

ஒருநாள் நான் அவரிடம் கேட்டேன், பனியைக் கேட்காமல் ஏன் எப்போதும் காற்றையே முதலில் கேட்கிறீர்கள் என்று. உங்கள் வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்துகிற இடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். காற்றடித்த பனிநாளில் கார்களைப் பார் என்றார். காற்று வருகிற பக்கம் தார் தெரியும், மறுபக்கம் கதவு திறக்க முடியாமல் பனி குவிந்து கிடக்கும். மலையிலும் அதுதான் நடக்கிறது. உச்சியில் அடிக்கிற காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் பலகை மாதிரி அடுக்குகிறது. அந்தப் பலகையில் மனிதன் கால் வைத்தால் முழுப் பலகையும் அவனோடு போகும். வானத்தில் இருந்து ஒரு துளி விழாத நாளிலும் அது நடக்கும். அந்த உச்சியில் என்ன காற்று அடித்தது என்பதை எனக்குச் சொல்ல உங்களுடைய கம்பத்தை விட்டால் வேறு ஒன்றும் இல்லை என்றார்.

அடுத்த பனிநாளில் நான் எங்கள் கட்டடத்தின் பார்க்கிங்கில் நின்று கார்களைப் பார்த்தேன். அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. அந்தக் கிழமையில் அவருக்கு நாங்கள் அனுப்பிய காற்றில் ஒரு நாள் முழுக்க இரவல்.

அண்ணையிடம் சொன்னேன். வெற்றிடத்தை வெற்றிடமாக விடுவோம் என்றேன். குறைந்தது புள்ளிக்கோடாகவாவது போடுவோம், கீழே ஒரு வரி எழுதுவோம் என்றேன். அண்ணை முடியாது என்று தலையை ஆட்டினார். "தம்பி, உம்மடை மாமனாரின்ரை மலையோ உது? உவையள் கோடு கேக்கினம், நாங்கள் கோடு குடுக்கிறம். முதலாளிக்குத் தெரியும். நீர் ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறீர்?"

முதலாளியிடமும் போனேன். அவர் கதிரையைத் திருப்பி, முழுவதையும் கேட்டார். அதுதான் அவருடைய கெட்டித்தனம், கேட்பார். பிறகு அந்த அழகான சொல்லைச் சொன்னார். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். புள்ளிக்கோடு நல்ல யோசனை, இந்தக் குளிர்காலம் முடியட்டும், மென்பொருளை மாற்றும்போது பார்ப்போம் என்றார். எனக்குத் தோளில் ஒரு தட்டு. நான் மேசைக்குத் திரும்பி வந்து இருந்தேன். அவர் தட்டின இடம் எரிந்தது.

பெப்ரவரியில் ஒரு பனிப்புயல் வந்தது. மேற்கு மலைகளில் இரண்டு நாளாகப் பனி கொட்டியது. இரண்டாம் நாள் இரவு பனி நின்றுவிட்டது, மேற்குக் காற்று எழும்பியது. இது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த இரவுதான் வழிகாட்டிப் பெண்ணுடைய உச்சிக் கம்பம் பேச்சை நிறுத்தியது. கீழே பள்ளத்தாக்குக் கம்பம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அங்கே காற்றே இல்லை.

அன்று அம்மாவுக்குச் சுகமில்லை. உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மார்க்கம் றோட் பஸ்ஸைத் தவறவிட்டு, நான் பிந்திப் போனேன். நான் குளிர்க்கோட்டைக் கழற்ற முதலே ஃபாக்ஸ் போய்விட்டிருந்தது. தட்டில் கிடந்த பிரதியைப் பார்த்தேன். உச்சியில் மெல்லிய காற்று. ஏதோ கோடைகாலத்து மாலை மாதிரி.

"இது எங்கத்தைய கோடு?" என்று கேட்டேன்.

அண்ணை திரையை விட்டுத் திரும்பவில்லை. "உமக்குத் தெரியுந்தானே, ஏன் கேக்கிறீர்?"

"அவ ஆக்களைக் கூட்டிக்கொண்டு போகப்போறா அண்ணை. இதை நம்பித்தான் போகப்போறா."

"அவவுக்குக் கண் இருக்கு. பாத்துப் போவா."

நான் ரேடியோத் தொலைபேசிக்கு அடித்தேன். இரைச்சல்தான். மறுபடி அடித்தேன். மரவீட்டில் சமைக்கிற பையன் எடுத்தான். எல்லோரும் ஏறப் போய்விட்டார்கள் என்றான். எந்தப் பக்கம் என்று கேட்டேன். காற்று இல்லையாம், அதனால் கிழக்குச் சரிவுக்குப் போயிருக்கிறார்கள், அதுதான் நல்ல சரிவு என்றான். அவர்களிடம் கைரேடியோ இருக்கிறதா, கூப்பிட முடியுமா என்றேன். மலைக்கு அந்தப் பக்கம் போனால் எடுபடாது, ஆனாலும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன் என்றான்.

பிள்ளைகளே, நான் உங்களுக்கு நிறையப் பயங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஷெல் விழும்போது பங்கருக்குள் இருந்த பயம், கொழும்பில் லொட்ஜில் பொலிஸ் கதவு தட்டுகிறபோது வந்த பயம். அவையெல்லாம் மற்றவன் எங்களுக்குச் செய்தது. அன்று அந்த மேசையில் இருந்த பயம் வேறு சாதி. ஆறேழு பேர், முகம் தெரியாதவர்கள், எங்கள் அறையில் கீறின ஒரு கோட்டில் ஏறி நடந்துகொண்டிருக்கிறார்கள். கீழே டோனட் கடையில் ஆட்கள் சிரித்துக்கொண்டு போகிறார்கள். அண்ணை மற்ற மலைகளின் வரைபுகளை அடுக்கி, மூலைகளைத் தட்டிச் சமப்படுத்தி, கிளிப் போடுகிறார். மத்தியானம் புட்டைத் திறந்து சாப்பிட்டார். எனக்கும் நீட்டினார். நான் வாங்கவில்லை.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். அந்த வழிகாட்டிப் பெண்தான். அன்று ரேடியோ தெளிவாக இருந்தது. சிரிப்பு இல்லை.

எல்லோரும் திரும்பிவிட்டார்கள் என்று முதலில் சொன்னார். பிறகு நடந்ததைச் சொன்னார். கிழக்குச் சரிவை ஒருவர் பின் ஒருவராகக் குறுக்கே கடந்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் கடந்த பிறகு காலடியில் பனி வேறு மாதிரிச் சத்தம் போட்டதாம், வெறும் பெட்டியைத் தட்டுகிற மாதிரி. அவர் எல்லோரையும் ஓடச் சொல்லியிருக்கிறார். கடைசி ஆள் பாறைக்கு ஏறின பிறகு முழுச் சரிவும் பிரிந்து கீழே போயிருக்கிறது. காட்டின் ஓரத்து மரங்களை முறித்துக்கொண்டு போனதாம். கடைசியாக வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை, இன்னும் போர்வைக்குள் இருக்கிறார் என்றார்.

பிறகு கேட்டார்: "அந்தக் காற்றை யார் அளந்தது?"

முதலாளி தன் மேசையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை தலையை மெல்ல, இல்லை என்று ஆட்டினார். நான் சொன்னேன், யாரும் அளக்கவில்லை. உங்களுடைய கம்பம் இரவு பேசவில்லை. அது பள்ளத்தாக்கின் காற்று. அதைக் கொஞ்சம் தூக்கிக் கீறினது.

அவர் திரும்பச் சொல்லச் சொன்னார், நான் திரும்பவும் சொன்னேன். பிறகு முதலாளியைக் கூப்பிடச் சொன்னார். முதலாளி தொலைபேசியை வாங்கிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, ஆம் ஆம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கழுத்து சிவந்தது. எனக்கு அதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தத் தொலைபேசியை வைத்த பிறகு அந்த மனிதர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, அதை மறக்க வேண்டாம் என்றார். மிக மெதுவாக, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிச் சொன்னார். வாடிக்கையாளரோடு இனிமேல் நான் பேசக்கூடாது, தொலைபேசியை அவரோ அண்ணையோ எடுக்கட்டும் என்றார்.

ஒருவரும் சாகவில்லை. அதுதான் அவருடைய நியாயம். அந்தப் பெண்ணின் காது ஒரு சத்தத்தைப் பிடித்தபடியால் தப்பின உயிர்களை, இந்த மனிதர் தன்னுடைய கணக்கில் போட்டுக்கொண்டார். எங்களுடைய கோடு அவ்வளவு பிழையில்லை, பாருங்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்ற மாதிரி. இதைவிடக் கேவலமான கதையை நான் போர் நடந்த நாட்டிலும் கேட்கவில்லை. அங்கே செத்தவர்களை மறைத்தார்கள். இங்கே தப்பினவர்களைக் காட்டி மறைத்தார்கள்.

அண்ணை அன்று என்னோடு பஸ்ஸுக்கு நடந்தார். வழமையாக நான் ஒரு பஸ், அவர் ஒரு பஸ். அன்று என்னுடைய தரிப்பிடம் வரை வந்தார்.

"நான் உம்மை இதுக்கோ சேர்த்துவிட்டனான்?" என்றார். "வெள்ளையனுக்கு முன்னாலை எங்கடை ஆளைக் காட்டிக்குடுத்துப்போட்டீர்."

"நான் உங்கடை பேர் சொல்லேல்லை அண்ணை."

"அந்த அறைக்குள்ளை கீறுறவன் நான் ஒருத்தன்தானே. பேர் சொல்லோணுமே?"

"அண்ணை, அந்தச் சரிவிலை எங்கடை பிள்ளையள் நிண்டிருந்தால்?"

"எங்கடை பிள்ளையள் ஏன் அங்கை போகுதுகள்? காசு கூடினவன் சாகப் போறான்."

எனக்கு அந்த வார்த்தைதான் பொறுக்கவில்லை. காட்டிக்கொடுத்தவன் என்றதைக்கூடப் பொறுத்தேன். எங்கள் சனம் எத்தனை வருடமாக இதைத்தான் உலகத்திடம் கேட்டது, நாங்கள் உங்கள் பிள்ளைகள் இல்லை என்றபடியால் தானே நீங்கள் பார்க்காமல் இருக்கிறீர்கள் என்று. கேட்ட வாயாலேயே இப்போது நாங்கள் அதைச் சொல்கிறோம். பஸ் வந்தது. நான் அவருக்குப் போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் ஏறினேன்.

மறுநாள் முதல் அலுவலகத்தில் ஒரு மாற்றம் வந்தது. என்ன மாற்றம் என்று கேளுங்கள். அந்த வழிகாட்டிப் பெண்ணின் கம்பத்துக்கு மட்டும் இரவல் இல்லை. அது பேசாத நாளில் வெற்றிடம் வெற்றிடமாகவே போகும். அவர் சண்டை பிடித்து வாங்கினார், அவருக்குக் கிடைத்தது. மற்ற எல்லா மலைகளுக்கும் பழையபடி. ஒரு மலைக்கு உண்மை, பத்து மலைக்கு இரவல். சத்தம் போட்டவருக்கு மட்டும் உண்மை பேசுவது என்ன நீதி? மற்ற வழிகாட்டிகளுக்குச் சத்தம் போடத் தெரியாதா? தெரியும். அவர்களுக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவ உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. "நீங்கள் விடமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்" என்றா. "வேலை போனால் போகட்டும். ஆனால் வீட்டிலை வந்து கதவை அடிச்சுச் சாத்தாதேங்கோ. பிள்ளையள் பயப்பிடுதுகள்." நான் அன்று கதவை அடித்துச் சாத்தியிருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மார்ச்சில் ஒரு காலை அண்ணை வரப் பிந்தினார். சப்வே ரயில் வழியில் நின்றுவிட்டது. முதலாளி மேற்கே வாடிக்கையாளர்களைப் பார்க்கப் போய்விட்டு அன்று மத்தியானம்தான் வருவதாக இருந்தது. நான் தனிய. கம்பங்களைக் கூப்பிட்டேன். முந்தின நாள் மலைகளில், விழுந்ததும் உறைந்துபோகிற மழை பெய்திருந்தது, மூன்று உச்சிக் கம்பங்கள் பேசவில்லை. நான் ஒன்றையும் நிரப்பவில்லை. காற்று இருந்த இடம் வரை கோடு, பிறகு வெள்ளை. வெள்ளைக்குள் கையால் எழுதினேன்: கம்பம் பேசவில்லை, காற்று என்னவென்று எங்களுக்குத் தெரியாது. என் ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லுக்குள் அடங்கிவிட்டது. எல்லா மரவீட்டுக்கும், எல்லா டவுண்ரவுண் ஆட்களுக்கும் ஒவ்வொன்றாக அனுப்பினேன். ஃபாக்ஸ் மெஷின் ஒவ்வொரு தாளையும் இழுத்து விழுங்கும்போது எனக்கு நெஞ்சு லேசாகவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. இவ்வளவு சுலபமான வேலை இது. ஒன்றும் செய்யாமல் விடுவது. அதைக்கூடச் செய்ய முடியாமல் இருந்தார்களே.

அண்ணை வந்து, தட்டில் கிடந்த பிரதிகளைப் பார்த்தார். குளிர்க்கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். வெள்ளையாகக் கிடந்த இடத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்தார், அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அவருடைய முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம். அதைப் பார்த்தும் எனக்கு அவரில் இரக்கம் வரவில்லை. இப்போது வருகிறதா என்று கேட்டால், கொஞ்சம்.

மத்தியானத்துக்கு முன்னமே தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின. மரவீடுகளில் இருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது டவுண்ரவுண். அண்ணை எடுத்து, மன்னிக்க வேண்டும், சரிசெய்து அனுப்புகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தொலைபேசியும் ஒரேநேரத்தில் அடித்தபோது மற்றதை நான் எடுத்தேன். எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தது. எடுத்தேன்.

ஒரு மனிதர், வயதானவர் போல் குரல். சனிக்கிழமை தன்னுடைய மகனோடு அங்கே போகிறாராம். வரைபு உடைந்து வந்திருக்கிறது, மறுபடி அனுப்பு என்றார்.

உடையவில்லை, சேர் என்றேன். கம்பம் பேசவில்லை. எங்களுக்குத் தெரியாது.

இதுவரை ஒருநாளும் இப்படி வந்ததில்லையே என்றார். ஆம், வந்ததில்லை என்றேன். பிறகு அவர் கேட்டார், இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது: அப்படியென்றால் இதற்கு முன் எத்தனை நாள் உங்களுக்குத் தெரியாமல் இருந்தது?

இந்தக் கேள்வியைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் அந்தக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன். வாயைத் திறந்தேன். என் பின்னால் இருந்து ஒரு கை வந்து தொலைபேசியை வாங்கியது. முதலாளி விமான நிலையத்தில் இருந்து நேரே வந்திருந்தார். பயணப்பெட்டி கதவடியில் நின்றது. அவர் தன்னை அறிமுகம் செய்தார், சிரித்தார், மிகச் சில நாட்கள்தான் என்றார். மிகச் சில என்று இரண்டாம் முறையும் சொன்னார். அவ்வளவு இயல்பாகச் சொன்னார். என்னிடம் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார்.

நான் தொலைபேசிக்குக் கேட்கிற மாதிரி உரத்துச் சொன்னேன், அது பொய் என்று. அதற்குள் அவர் தொடர்பை வெட்டுகிற பொத்தானை அமத்திவிட்டார். கேட்டதோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

என்னை வேலையை விட்டுப் போகச் சொன்னார். மேசையிலும் அடியிலும் என்னுடையது என்று ஒரு தேத்தண்ணிக் கோப்பையும் காலில் போடுகிற ஒரு சோடிச் சப்பாத்தும்தான் இருந்தன. படியால் இறங்கும்போது மேலே அண்ணை கம்பங்களை மறுபடி கூப்பிடுகிற கீச்சுச் சத்தம் கேட்டது. பள்ளத்தாக்குக் கம்பத்தைத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சநேரத்தில் அந்த மனிதருக்கு முழுக் கோடு ஒன்று ஃபாக்ஸில் போகும். அவர் அதைப் பார்த்துவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை போயிருப்பாரா, அல்லது கேள்வி கேட்டவர் என்றபடியால் யோசித்திருப்பாரா? தெரியாது. அவருடைய பெயரையோ தொலைபேசி எண்ணையோ நான் வாங்கி வைத்திருக்கவில்லை. பிறகு பேப்பரில் பனிச்சரிவு என்று கண்டால் ஒரு தகப்பன், ஒரு மகன் என்று இருக்கிறதா என்று தேடுவேன். இல்லையென்றாலும் கோபம் குறைவதில்லை.